இலவச உறுப்பினரின் குறட்டை

நான் குறட்டை விடுகிறவன் என்பதை நானே நம்புவதற்குப் பல வருடங்கள் ஆயின. குறட்டையில் இது ஒரு சௌகரியம்: விடுகிறவன் காதில் அது விழாது. கேட்கிறவர்கள் சொன்னால் ஏதோ மிகைப்படுத்துகிறார்கள் என்று தோன்றும். மேல் வீட்டுக்காரர் ஒருநாள் படியிறங்கி வந்து, எங்கள் வீட்டில் ராத்திரி முழுக்க மோட்டார் ஏதாவது ஓடுகிறதா என்று மரியாதையாகக் கேட்டார். பழைய ஃப்ரிட்ஜ் என்று சொல்லி அனுப்பிவிட்டு, நிஜமாகவே ஃப்ரிட்ஜை மாற்றினேன். அவர் மறுபடி புகார் சொல்ல வரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

எனக்குப் பூட்டு சாவி கடை. சந்தைத் தெருவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டிலேயே வெளியே வரவேண்டிய கடை. சாவியைத் தொலைத்தவர், உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர், கோபத்தில் கிணற்றில் எறிந்தவர் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். நான் திறக்க முடியாமல் திரும்பிப் போன பூட்டு கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். இந்தக் கதைக்குப் பிறகு அதைச் சற்றுத் தணிந்த குரலில் சொல்கிறேன்.

என் மனைவி பஸ் ஓட்டுகிறாள். டிப்போவிலிருந்து விடியும் முன் புறப்படும் முதல் வண்டி அவளுடையது. அந்த நீளமான வண்டியைச் சந்தைத் தெரு முனையில் ஒரே வெட்டில் அவள் திருப்புவதைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் சீக்கிரம் கடை திறப்பது உண்டு. குறை சொல்லும் சுபாவம் இல்லை அவளுக்கு. அப்படிப்பட்டவள் ஒருநாள் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு சிக்னல்ல கண்ணு சொருகிடுச்சு. பின்னாடி ஹாரன் அடிச்சப்பதான் பச்சை விழுந்ததே தெரிஞ்சது. வண்டி நிறைய ஜனம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். டிப்போவில் பெண் ஓட்டுநர்கள் தங்கும் அறையில் ஒரு கட்டில் காலியாகிறதாம். அடுத்த மாதம் முடிவதற்குள் என் சத்தம் நிற்கவேண்டும், நிற்காவிட்டால் அவள் அங்கே தங்கிக்கொள்வாள், விடுமுறை அன்று வீட்டுக்கு வருவாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

பக்கத்து நகல் கடைக்காரரிடம் என் நிலைமையைச் சொன்னேன். அவர்தான் கணினியில் தேடி, 'அனைத்துலக நற்றுயில் நிலையம்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர்கள் வாரம் ஒரு மடலை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள், பெயர் 'துயிலோலை', இலவசம். என்னுடைய மின்னஞ்சல் முகவரியை மட்டும் கேட்டார்கள். கொடுத்தேன். வேறு ஒரு கேள்வியும் இல்லை. உலகத்தில் இவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்களே என்று இருந்தது.

நன்றாகத்தான் போனது. ஒவ்வொரு ஓலையும் "துயில்நேய நெஞ்சங்களே" என்று தொடங்கும், நிலையத்தின் இயக்குநரைப் பற்றி இயக்குநரே எழுதிய பாராட்டு ஒரு பக்கம் வரும், கடைசியில் ஒரு பயிற்சி இருக்கும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொள்வது ஒரு வாரம். கன்னத்தை உப்பிக் காற்றை மெல்ல விடுவது ஒரு வாரம். "ஆ, ஈ, ஊ" என்று இழுத்துச் சொல்வது ஒரு வாரம். கடையில் சாவி ராவிக்கொண்டே இதையெல்லாம் செய்தேன். பெட்டியைத் திறக்கக் கொண்டுவந்த ஓர் அம்மாள், நான் "ஊ" சொல்லிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெட்டியோடு திரும்பிப் போய்விட்டார்.

போனால் போகட்டும். நாலாவது ஓலைக்குப் பிறகு ஒருநாள் மனைவி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "நேத்து கொஞ்சம் பரவால்லை" என்றாள். அந்தக் 'கொஞ்சம் பரவால்லை'யை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. அடுத்த வாரம் வரப்போவது 'தொண்டைக் கதவுப் பயிற்சி', அதுதான் எல்லாவற்றுக்கும் தலையாயது, அதோடு குறட்டை ஒழியும் என்று இயக்குநர் எழுதியிருந்தார். மனைவி வைத்த கெடு முடிய இன்னும் நாள் இருந்தது.

அடுத்த வாரம் பயிற்சி வரவில்லை. அறிவிப்பு வந்தது.

"துயில்நேய நெஞ்சங்களே! எம் மடலைப் பெறுவோர் ஒருபுறமும், எம் இணையதளத்தின் இலவச உறுப்பினர்கள் மறுபுறமும் இதுகாறும் பிரிந்து கிடந்தனர். இந்த வரலாற்றுப் பிளவு இன்றோடு முடிவுக்கு வருகிறது. இனி மடல் பெறுவோர் அனைவரும் இலவச உறுப்பினர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதனோடு தம் மடற்சந்தாவை இணைக்க வேண்டும். இணைக்காதோர்க்கு மடல் வராது. இணைத்தோர்க்கும் மடல் வராது, அது அவர்கள் கணக்கிலேயே இருக்கும். இவை யாவும் முற்றிலும் இலவசம்."

இலவசம் என்ற சொல் அதில் வந்த அளவுக்குத் தூக்கம் என்ற சொல் வரவில்லை. இருந்தாலும் தொண்டைக் கதவு அந்தப் பக்கம் இருந்தது. நகல் கடைக்காரரின் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பெயர், வயது, தொழில், பணியிடம் கேட்டார்கள். விழித்திருக்கும்போது அழைக்க ஓர் எண், தூங்கும்போது அழைக்க ஓர் எண் கேட்டார்கள். கண்ணை மூடிய நிலையில் ஒரு புகைப்படம் கேட்டார்கள். நகல் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். படத்தில் நான் தூங்குகிறவனாகத் தெரியவில்லை, போய்ச் சேர்ந்தவனாகத் தெரிந்தேன். பிறகு கடவுச்சொல் கேட்டார்கள். யோசித்து ஒன்றைப் போட்டேன். "வலுவாக இல்லை" என்றது. பூட்டுக்காரனிடமே பூட்டு வலுவாக இல்லை என்கிறதே என்று ரோஷம் வந்துவிட்டது. எனக்கே ஞாபகம் இருக்க வாய்ப்பில்லாத ஒன்றைப் போட்டேன். "மிக வலுவானது" என்று பாராட்டியது.

இங்கேதான் என் தொழில்புத்தி வேலை செய்தது. என் கடையில் ஒற்றைச் சாவி யாருக்கும் கொடுப்பதில்லை. ஒன்று கேட்டாலும் இரண்டு வெட்டுவேன். ஒன்று தொலைந்தால் இன்னொன்று கைகொடுக்கும். அந்த வழக்கத்தில் கணக்கையும் இரண்டாகத் திறந்துவிட்டேன். இரண்டாவதற்கு வேறு பெயர், வேறு மின்னஞ்சல் வேண்டும் என்றது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மனைவியின் பெயரையும் முகவரியையும் போட்டேன். தொழில் என்ற இடத்தில் பொய் எழுதுவானேன் என்று 'பேருந்து ஓட்டுநர்' என்றே எழுதி, பணியிடத்துக்கு அவள் டிப்போவையும் போட்டேன்.

சாவி வெட்டினால் இரண்டையும் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஆளிடம் கொடுப்பேன். அதனால் 'இணை' என்ற பொத்தானை என் கணக்கிலிருந்து ஒரு தடவை அழுத்தினேன், திறந்தது. மனைவி கணக்கிலிருந்தும் அழுத்தினேன், அதுவும் திறந்தது. இரண்டும் வேலை செய்கிற திருப்தியோடு கடைக்குத் திரும்பினேன். நிலையத்தின் கணினி, ஒரு சந்தாவுக்கு ஒரே உறுப்பினர்தான், கடைசியாக இணைத்தவரே உரியவர் என்று முடிவு செய்துகொண்டது எனக்கு எப்படித் தெரியும்? என் சந்தாவோடு என் குறட்டையும் மனைவி பெயருக்குப் போய்விட்டது. மேல் வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனதை முன்பு ஓர் ஓலையில் வந்த கேள்விக்குப் பதிலாக, கொஞ்சம் பெருமையாகவே, நான் எழுதியிருந்தேன். அந்தச் சாதனையும் அவள் கணக்கில் சேர்ந்தது.

மறுநாள் மதியமே மனைவி வீட்டுக்கு வந்துவிட்டாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அலைபேசியை என் முன்னால் நீட்டினாள். "அன்புள்ள மூன்றாம் நிலைக் குறட்டை உறுப்பினரே, வருக" என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், உறுப்பினர் ஓட்டுநராக இருந்தால் பொதுமக்கள் நலன் கருதி அவருடைய பணியிடத்துக்குத் தகவல் தரப்படும் என்றும், இதற்கு உறுப்பினர் ஏற்கெனவே ஒப்புதல் அளித்துள்ளார் என்றும் இருந்தது. அளித்தது நான். படிக்காமல் டிக் அடித்த கை இந்தக் கைதான்.

தகவல் டிப்போவுக்குப் போய்விட்டது. டிப்போ மேலாளர் விதிப்படி நடப்பவர். தூக்கக் கோளாறு உள்ள ஓட்டுநரை வண்டியில் ஏற்ற முடியாது என்று இறக்கிவிட்டார். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் அறையில் அவளை உட்காரவைத்தார். ஸ்டியரிங் பிடித்த கை குடைகளுக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தது.

"சரி பண்ணிடறேன்," என்றேன்.

"குறட்டையைச் சரி பண்ணுங்கன்னு சொன்னேன். நீங்க அதை என் பேருக்கு மாத்தி விட்டுட்டீங்க."

நான் அசடு வழிந்தேன். வேறு என்ன செய்ய? அவளுடைய பஸ்ஸை அவளிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ஓலையின் அடியில் 'விலக' என்று ஒரு சொல் இருந்தது. அழுத்தினேன். விலக வேண்டுமானால் கணக்குக்குள் வரவேண்டும் என்றது. உள்ளே போனேன். சந்தாவை முதலில் நீக்கவேண்டும் என்றது. சந்தாவுக்குப் போனேன். அது வேறோர் உறுப்பினரிடம் இருக்கிறது, அவரைக் கேளுங்கள் என்றது. அந்த உறுப்பினர் என் பக்கத்தில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணக்கிலிருந்து அழுத்தினேன். மூன்றாம் நிலை உறுப்பினர்கள் தம் தூக்கம் குறித்துத் தாமே முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்றும், அவர் சார்பில் குடும்பத்தினர் ஒருவர் புதிய இலவசக் கணக்கு தொடங்கி விண்ணப்பிக்கலாம் என்றும் பதில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தொடங்கினேன். உடனே வாழ்த்து வந்தது. ஒரே முகவரியில் பல கணக்குகள் இருப்பதால் நாங்கள் 'குறட்டைக் குடும்பம்' என்ற சிறப்பு இலவசப் பிரிவுக்கு உயர்த்தப்பட்டிருந்தோம்.

நேரிலேயே போனேன். அனைத்துலக நற்றுயில் நிலையம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. நுழைந்ததும் இயக்குநர் கட்டிலில் படுத்துத் தூங்குகிற பெரிய படம். அதைத் தாண்டினால் நீளமான அறை, மூன்று மேசை, மூன்று நாற்காலி, ஒரே ஓர் அதிகாரி. மெலிந்த மனிதர். கண்ணுக்கடியில் கருவளையம். ஒழுங்காகத் தூங்கி நாளாயிற்று என்று பார்த்தாலே தெரிந்தது. முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் என் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இது மடல் பிரிவு சார். மடல் எங்களுக்கு ஒழுங்கா போயிருக்கு. பிரச்சினை கணக்குப் பிரிவுல. அங்க கேளுங்க." கையால் மூன்றாவது மேசையைக் காட்டினார்.

அங்கே யாரும் இல்லையே என்றேன். எழுந்து போய் அவரே அங்கே உட்கார்ந்தார். முகத்தை மாற்றிக்கொண்டு, "சொல்லுங்க சார், என்ன விஷயம்?" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. முதலிலிருந்து மறுபடி சொன்னேன். கணக்குகள் மூன்றும் ஆரோக்கியமாக இருக்கின்றன, கோளாறு இணைப்புப் பிரிவில் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, நடு நாற்காலிக்கு வந்தார். மூன்றாவது தடவையும் சொன்னேன். எனக்கே இப்போது என் கதையில் நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. நடு நாற்காலியில் இருந்தவர், இணைக்கத்தான் தனக்கு அதிகாரம், பிரிக்க இயக்குநர்தான் மனசு வைக்கவேண்டும் என்றார்.

இயக்குநர் மனசு வைக்கிற மாதிரிதான் இருந்தார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். என் மனைவியின் பஸ் போய்விட்டது என்று நான் ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீங்க ஒரு தனி மனுஷனோட கண்ணுல இதைப் பாக்கறீங்க. நாங்க மொத்தமா பாக்கறோம். போன வருஷம் இந்த நேரம் எங்ககிட்ட மடல் வாங்கறவங்க இருந்தாங்க, உறுப்பினர் இருந்தாங்க. ரெண்டு கூட்டத்தையும் தனித்தனியா எண்ணினோம். இப்ப இணைச்ச பிறகு ரெண்டையும் கூட்டி எண்ணலாம். நிலையம் ரெண்டு மடங்கா வளர்ந்திருக்கு. உங்க வீட்லயே பாருங்க, ஒருத்தரா இருந்தீங்க, மூணு பேராயிட்டீங்க. இதுக்குப் பேர்தான் வளர்ச்சி."

இதில் யாருக்காவது தூக்கம் வந்திருக்கிறதா என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன், குத்தலாக இல்லை.

"அதை நாங்க கேக்கறதில்லைங்க. தூக்கம் வந்துடுச்சுன்னா மடல் எதுக்குன்னு போயிடுவாங்க இல்லையா?"

தொண்டைக் கதவுப் பயிற்சியாவது கொடுங்கள் என்றேன். அது இன்னும் எழுதப்படவில்லை, இணைப்பு வேலையில் எல்லோரும் மும்முரமாக இருந்துவிட்டார்கள் என்றார். எல்லோரும் என்றால் மூன்று நாற்காலிக்காரர் என்று புரிந்துகொண்டேன். கடைசியில் இயக்குநர் ஒரு வழி சொன்னார். குறட்டை யாருடையது என்பதைச் சோதனை செய்து நிரூபித்தால் டிப்போவுக்கு எழுதித் தருவார். சோதனை இலவசம். ஆனால் இணைந்த உறுப்பினர்களைத் தனித்தனியாகச் சோதிக்க விதி இல்லை, தம்பதியாகத்தான் வந்து தூங்கவேண்டும்.

ஒரு மதிய வேளையில் இருவரும் போனோம். உள்ளறையில் இரண்டு கட்டில், கனமான திரை, கூரையிலிருந்து தொங்கும் ஒரு மைக். மனைவி குடைகளுக்கு அட்டை கட்டிவிட்டு நேரே வந்திருந்தாள். வழியில் அவளுடைய பஸ்ஸை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தாளாம். திருப்பத்தில் மூன்று தடவை முன்னும் பின்னுமாக எடுத்தார்களாம். அதை மட்டும் சொன்னாள். நான் அவளுக்குத் தைரியம் சொல்ல நினைத்துப் படுத்தேன். படுத்ததுதான் தெரியும். எந்தக் கவலையிலும் தலையணையைக் கண்டதும் தூங்கிவிடுவது என் சுபாவம், இதற்காக என்னைச் சிலர் ஞானி என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். விழித்தபோது திரை விலகியிருந்தது, மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

மூன்று நாற்காலிக்காரர் அச்சடித்த அறிக்கையைக் கொடுத்தார். "இணைந்த உறுப்பினரிடம் குறட்டை உறுதி. நிலை: மூன்று. ஓட்டுநர் பணிக்கு உகந்தவர் அல்லர்." எந்த உறுப்பினர் என்று கேட்டேன். இணைந்த உறுப்பினர் என்றார். பதிவை யாராவது கேட்டீர்களா என்றேன்.

"கேக்கறதுக்கு இங்க ஆள் ஏது சார்? கம்ப்யூட்டர் கேட்டுச்சு. பதிவையும் அறிக்கையையும் டிப்போவுக்கு அனுப்பிட்டேன். அதுவும் தானாவே போயிடும்."

படியிறங்கினோம். கட்டினவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று வாய்விட்டே சொன்னேன். அவள் எனக்கு முன்னால் இறங்கிப் போனாள்.

டிப்போ மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். சிரித்துப் பழக்கமில்லாத மனிதர், மேசையில் அறிக்கை விரித்திருந்தது. வேலையிலிருந்து நிரந்தரமாக இறக்குவதற்கு முன்னால் ஆதாரத்தைத் தானே பார்வையிட்டதாகக் குறிப்பு எழுத வேண்டுமாம். அந்த விதி இருந்ததால் பிழைத்தோம். அந்தப் பதிவைக் கேட்கப்போகும் முதல் மனிதர் அவர்தான்.

கணினியில் ஓடவிட்டார். முதலில் கட்டில் கிறீச்சிட்டது. உடனே என் குறட்டை புறப்பட்டது. என் குறட்டையை நான் முதல்முதலாகக் கேட்டது அந்த அறையில்தான். மேல் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன், மோட்டார் என்றபோது அவர் எவ்வளவு நாகரிகமாகப் பேசியிருக்கிறார். வெளியே குமாஸ்தா ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மேலாளர் சத்தத்தைக் குறைத்தார். குறைத்தும் அறை நிறைந்துதான் இருந்தது.

அதற்குள்ளே ஒரு குரல் கேட்டது. தூக்கமே இல்லாத குரல்.

"ஏங்க. திரும்பிப் படுங்க."

கட்டில் கிறீச்சிட்டது, சத்தம் அடங்கியது. கொஞ்சம் அமைதி. மறுபடி மெல்லத் தொடங்கி உச்சத்துக்குப் போனது. "திரும்பிப் படுங்க. அப்படித்தான்." மறுபடி அமைதி. மேலாளர் பதிவைத் தள்ளித் தள்ளிக் கேட்டார். எங்கே நிறுத்தினாலும் என் குறட்டை இருந்தது, அதன் பின்னாலேயே அவள் குரல் இருந்தது. ஒரு தடவை "கழுத்து வலிக்கும், தலையணையை இழுத்துக்கோங்க" என்றது. ஒரு தடவை ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு மட்டும் விட்டது. என்மேல் கோபமாக இருந்தவள், பஸ்ஸைப் பறிகொடுத்தவள், அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என் கழுத்துக்கு வலிக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

மேலாளர் பதிவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க தூங்கவே இல்லையாம்மா?"

"இல்லை சார்."

"வீட்லயும் இப்படித்தானா?"

"பழகிடுச்சு சார். கல்யாணம் ஆனதுலேர்ந்து."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், அது நின்றுபோயிருந்தது. குறட்டை விடுகிறவன் நான்தான் சார் என்றேன். அது தெரிகிறது என்றார்.

அறிக்கையின் மேல் குறுக்காகக் கோடு போட்டார். ஓட்டுநருக்குக் குறட்டை இல்லை, வண்டியைத் திருப்பிக் கொடுக்கவும் என்று எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து கும்பிடப் போனேன். அவர் இன்னும் எழுதி முடிக்கவில்லை. இவ்வளவு காலம் தூங்காமல் வண்டி ஓட்டியவரை இனிமேலாவது தூங்கவைக்க வேண்டியது டிப்போவின் பொறுப்பு என்று அடுத்த வரியில் எழுதினார். ஓய்வறையில் காலியாக இருந்த கட்டிலை அன்றைய தேதியிலிருந்தே அவளுக்கு ஒதுக்கினார். பஸ் கிடைத்ததும் அவள் போனதும் ஒரே கையெழுத்தில் முடிந்தது.

நான் வழி மறிக்கவில்லை. எந்த முகத்தோடு மறிப்பது? பையை நானே டிப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். லீவு அன்றைக்கு வந்துவிடுவேன் என்றாள், அடுப்பை மறக்காமல் அணைக்கச் சொன்னாள். மறுநாள் சந்தைத் தெரு முனையில் அவள் வண்டியைத் திருப்பியதைப் பார்த்தேன். ஒரே வெட்டு. முகம் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவள் முகம் எப்படி இருக்கும் என்று இத்தனை வருடம் கூட வாழ்ந்த எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது.

நிலையத்திலிருந்து ஒரு மடல் வந்தது. டிப்போ மேலாளர் அனுப்பிய கடிதத்தை ஏற்று எங்கள் கணக்குகள் மூன்றும் சந்தாவும் வெற்றிகரமாக நீக்கப்பட்டன, இனி எந்தத் தொடர்பும் இராது, சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரத்துக்குள் சொல்லவும் என்று இருந்தது. எதற்காக இத்தனை நாள் அலைந்தேனோ அது கிடைத்துவிட்டது. வீட்டிலும் இனி யாருக்கும் தொந்தரவு இல்லை, இஷ்டத்துக்குக் குறட்டை விடலாம். ஆனால் தலையணையைக் கண்டால் தூங்குகிற ஞானிக்குத் தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்தேன். நானாகத் திரும்பிப் படுத்தால் அது சரியாக வரவில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செருப்புக் கடை மாடி ஏறினேன். மூன்று நாற்காலிக்காரர் முதல் நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாவற்றையும் நீக்கியாயிற்றே சார் என்று அவசரமாகச் சொன்னார்.

அன்றைக்கு எடுத்த பதிவு வேண்டும் என்றேன்.

அவர் மூன்றாவது நாற்காலிக்குப் போனார். பதிவு உறுப்பினர்களுக்கு மட்டும்தான், நான் இப்போது உறுப்பினர் இல்லையே என்றார். ஆகிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நடு நாற்காலிக்கு வந்து, கணினியை என் பக்கம் திருப்பினார். பெயர் எழுதினேன். கண்ணை மூடிப் படம் எடுத்துக்கொண்டேன். படிக்காமலே டிக் அடித்தேன். என்ன காரணத்துக்காகச் சேருகிறீர்கள் என்ற கேள்விக்குத் தூக்கமின்மை என்று போட்டேன்.

பதிவைத் தேடி எடுத்தார். அதில் எனக்கு என் மனைவியின் குரல் மட்டும் போதும், குறட்டையை நீக்கிவிட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஏதேதோ தட்டிப் பார்த்தார். பிறகு கருவளையம் விழுந்த கண்ணால் என்னைப் பார்த்து, முதல் தடவையாக எந்தப் பிரிவையும் சேராத குரலில் பேசினார்.

"முடியலை சார். நீங்க குறட்டை விட்டாத்தான் அவங்க பேசறாங்க. தனியாப் பிரிக்க வரலை."

"பிரிக்க வேணாங்க," என்றேன். "சேர்த்தே குடுத்துடுங்க."